ஒரே சூளையில் கட்டிய வீடு

ஓய்வு பெற்ற அன்று ஒன்றிய அலுவலகத்தில் எனக்குச் சால்வை போர்த்தி மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல் வெள்ளகோவில் பனியன் கம்பெனிச் சம்பவத்தையே சொன்னார்கள். ஓவர்சியர் கை வைத்தாலே சுவருக்குள் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்று இளம் பொறியாளர் ஒருவர் சொன்னபோது பலமான கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பொறியாளர் அதன் பிறகு இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய வீடுகளில் தையல் மெஷினும் ஜெனரேட்டரும் வைக்க அனுமதி கேட்டு மனுக்கள் வந்துகொண்டே இருக்கின்றனவாம். பழைய சுவரை எப்படிப் பார்ப்பது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதுகிறேன். ஆனால் மேடையில் சொன்னது பாதிக் கதை. மீதியையும் சேர்த்துத்தான் எழுத முடியும். படித்த பிறகு சால்வையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டைப் பார்த்ததும் எல்லோரும் சுவரைத் தட்டி, அந்தக் காலத்துக் கட்டு, நூறு வருஷம் நிற்கும் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எழுந்து போய்விடத் தோன்றும்.

வேலையில் சேர்ந்த முதல் ஐந்தாறு வருடங்களில் சொல்ல ஒன்றுமில்லை. ரோடு அளந்தேன், பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓடு எண்ணினேன், டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். பிறகு வேதமாணிக்கம் சார் எங்களுக்கு உதவிப் பொறியாளராக வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் ஒரு கடுதாசியைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுதினவனே அதைத் திருப்பி வாங்கிக்கொள்வான்.

ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் யார் கட்டியது, எப்போது கட்டியது என்றெல்லாம் அவர் கேட்கமாட்டார். அவருடைய முதல் கேள்வி, இந்த வீட்டுக்கு விறகு எங்கிருந்து வந்தது என்பதுதான். வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். கல் வீட்டைப் பார்க்க வந்த மனிதர் விறகைப் பற்றிக் கேட்கிறாரே என்று என்னைப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

செங்கல்லைச் சுடத் தீ வேண்டும், சுண்ணாம்பை நீற்றவும் தீ வேண்டும். தீக்கு எரிக்க ஏதாவது வேண்டும். கொமரலிங்கத்தில் அமராவதித் தண்ணீர் உண்டு. நெல் உமியும் கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் வீட்டு வாசலிலேயே குவிந்து கிடக்கும். அங்கே சூளை மேல் சூளை வைத்தார்கள். சுவர் முழுக்கச் சுட்ட கல், கம்பியால் குத்தினாலும் உள்ளே இறங்காது. வெள்ளகோவில், மூலனூர் பக்கம் வானம் பார்த்த பூமி. காட்டில் நிற்பது வெள்வேல மரம். அது மாட்டுக்கு நிழல், ஆட்டுக்குக் காய். அதை வெட்டிச் சூளையில் போட யாருக்கும் மனசு வராது. பஞ்சு எடுத்த பிறகு மிஞ்சும் பருத்திமார் அடுப்புக்குப் போதும், சூளைக்குப் போதாது.

அதனால் அந்தப் பக்கத்து மனிதர்கள் ஒரு வழி கண்டார்கள். கிடைத்த விறகுக்குத் தக்கபடி கொஞ்சம் கல்லைச் சுட்டார்கள். அதை அஸ்திவாரத்திலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும், நான்கு மூலைகளிலும், வாசற்காலான நிலவுக்கும் சன்னலுக்கும் இரண்டு பக்கத்திலும் வைத்துக் கட்டினார்கள். மிச்ச இடத்தில் சுடாத பச்சைக்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. பூசிய பிறகு எது சுட்டது, எது பச்சை என்று கடவுளுக்குத்தான் தெரியும். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. இரண்டடி கனத்தில் பச்சைக்கல் சுவர், தலை நனையாமல் கால் நனையாமல் இருந்தால், மூன்று தலைமுறைக்கு நிற்கும். நனைந்தாலோ, அதிர்ந்தாலோ அது மறுபடியும் மண்தான்.

சார் பையில் ஒரு முழ நீளத்தில் திருகுக் கம்பி இருக்கும். இரண்டு சன்னலுக்கு நடுவே, நெஞ்சு உயரத்தில், சுவரின் வயிற்றில் அதை வைத்துத் திருகுவார். மூலையிலோ நிலவுக்குப் பக்கத்திலோ திருகவே கூடாது. வெளியே வரும் தூள் சிவப்பாக இருந்தால் மட்டும் நம்பிவிட முடியாது, இங்கே மண்ணே சிவப்பு. ஒரு டம்ளர் தண்ணீரில் தூளைப் போட்டுக் கலக்குவார். சுட்ட கல்லின் தூள் அடியில் மணலாகப் படிந்து மேலே தண்ணீர் தெளியும். பச்சைக்கல் என்றால் டம்ளர் முழுக்கச் சேறு.

இதில் பெரிய கஷ்டம் அந்தத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் வந்தவர் தண்ணீர் கேட்டால் வெறும் தண்ணீரைக் கொடுப்பது மரியாதை இல்லை. மோர் வரும். வேண்டாம் என்றால் மனசு நோகும். குடித்துவிட்டு மறுபடி கேட்டால் இளநீர் வரும். சார் மோரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல், "தண்ணி எனக்கில்லைங்க, சுவத்துக்கு" என்பார். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, நேற்று வெள்ளையடித்த சுவராக இருந்தாலும் சரி, துளை போட்டுவிட்டுத்தான் போவார். அவர் போன பிறகு வீட்டுப் பெண்கள் சாபம் விடுவதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். வெளியூர்க்காரர், அவரால் முடிந்தது. நான் உள்ளூர். தெருவுக்கு ஒரு பங்காளி.

சார் ஓய்வு பெற்றபோது கம்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கம்பி என் பையிலேயே இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

மின்வெட்டு ஆரம்பித்த வருடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பகலில் எப்போது கரண்ட் போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. திருப்பூரிலிருந்து வெட்டிய துணியை வாங்கி வந்து தைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் எங்கள் ஒன்றியம் முழுக்க முளைத்திருந்தன. பாதிக்கு மேல் பழைய பண்ணை வீடுகளில். வீட்டுக்காரர்கள் புதிதாக மாடி கட்டிக்கொண்டு போய்விட, பழைய வீட்டில் மெஷின்கள் ஏறின. கரண்ட் இல்லையென்றதும் ஆளாளுக்கு ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதை வைக்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு என்னுடைய அறிக்கை வேண்டும். மேசையில் மனுக்கள் குவிந்தன. வாசலில் எப்போதும் நாலு பேர் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் செல்லமுத்து. வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் தோட்டம், எனக்கு இரண்டு வயது இளையவர், தங்கமான மனிதர். அவருடைய அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் முப்பது பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நான் போனபோது சுவர் பளபளவென்று வெள்ளையடித்து மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. மகள் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, சீர் எல்லாம் இந்த வீட்டில்தான் என்றார். பின்பக்கம் தகரச் சாய்ப்பு இறக்கி, தையல் நடக்கும் பெரிய கூடமான ஆசாரத்தின் சுவரை ஒட்டி இடுப்புயர மேடை போட்டு ஜெனரேட்டரை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் டிரம்.

நான் தண்ணீர் கேட்டேன். அவர் வீட்டம்மா சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். குடித்தேன். மறுபடி தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்த சுவரில் துளை போடுகிறேன் என்று சொல்ல இன்னும் கூச்சமாக இருந்தது. நிலவுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. உள்ளே நல்ல சிவப்பாகச் சுட்ட கல். சாவியால் தட்டினேன், கணீரென்றது. சுவர் சுட்ட செங்கல்லால் ஆனது, உறுதியாக உள்ளது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இளநீர் வந்தது. அதையும் குடித்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு மூன்றாவது நாள் முற்பகலில் செல்லமுத்து அலுவலகத்துக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகையைத் தட்டத்தில் வைத்துக் கொடுத்தார். ஈரத்தில் சமையலுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒப்புக்குக் கேட்டேன். எல்லாம் சிலிண்டர் அடுப்பு என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இப்பெல்லாம் வெறகுங்கற பேச்சே இல்லீங்க. எங்கய்யன் அந்த ஊடு கட்டறப்ப மழையில்லாத வருசமுங்க. வெறகுக்கு எங்கெங்கியோ அலஞ்சு, கடசீல ஒரே ஒரு சூளைதான் போட்டாருங்க. அதுக்கே நாலு வெள்ளவேலா மரத்த வெட்டோணுமேன்னு அழுதாருன்னு எங்கம்மா சொல்லுமுங்க."

ஒரே ஒரு சூளை. எங்கள் பக்கத்துச் சூளைக்கு ஏழெட்டாயிரம் கல்லுக்கு மேல் அடுக்கமாட்டார்கள். அந்த வீட்டுக்கு எப்படிப் பார்த்தாலும் முப்பதாயிரம் வேண்டும். கையில் பத்திரிகையைப் பிடித்தபடியே கணக்குப் போட்டேன். முழங்கால் உயரத்துக்கு, மூலைகளுக்கு, நிலவுகளுக்கு என்று கழித்துக்கொண்டே வந்தேன். ஆசாரத்துச் சுவரின் வயிற்றுக்கு ஒரு கல்கூட மிஞ்சவில்லை. பத்திரிகையின் மஞ்சள் விரலில் ஒட்டியது.

ஜெனரேட்டர் இப்போது ஓடுகிறதா என்று கேட்டேன். பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது, ஓடாமல் எப்படி, நாளைக்குச் சரக்கு அனுப்பியாக வேண்டுமே என்றார். ஒரு தடவை வந்து பார்க்கிறேன், இப்போதே போகலாம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். காரில் ஏறினோம்.

மேடையில் பேசியவர்களுக்குத் தெரியாத பாதி இங்கேதான் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்கு அரை மணி நேரத்துக்கும் கூடுதலான வழி. செல்லமுத்துவின் சட்டைப்பையில் செல்போன் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். சுவர் பச்சைக்கல் என்றால், நீங்கள்தானே சுட்ட கல் என்று எழுதினீர்கள் என்பார். ஓய்வு பெற எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது. பொய் அறிக்கைக்கு சஸ்பெண்ட் செய்வார்கள், பென்ஷன் நிற்கும், ஊரில் தலை காட்ட முடியாது. வாய் வரைக்கும் வந்ததை ஒவ்வொரு முறையும் விழுங்கினேன். ஒருவேளை சுவர் நன்றாக இருந்தால், யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்று நினைத்தேன். முப்பது பேர் அந்தச் சுவருக்குக் கீழே குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் பென்ஷனை நினைத்துக்கொண்டு வந்தேன். செல்லமுத்து மாப்பிள்ளை வீட்டுப் பெருமையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். வழியில் தரைப்பாலத்தில் மழைத் தண்ணீர் வடியக் காத்து நின்றோம். அங்கே நின்ற அந்த நேரம் இன்றைக்கும் சில நாள் மதியத் தூக்கத்தில் வரும்.

போய் இறங்கியதும் நேராகச் சாய்ப்புக்குப் போனேன். சாய்ப்புத் தகடு சுவரில் சொருகிய இடம் முழுக்க மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. டிரம்மிலிருந்து தண்ணீர் தளும்பித் தளும்பி மேடைக்கு மேலே, சுட்ட கல் முடியும் இடத்துக்கு மேலே, சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. புதுச் சுண்ணாம்பு உப்பி நின்றது. பையிலிருந்து கம்பியை எடுத்துச் சுவரின் வயிற்றில் வைத்தேன். திருகவே வேண்டியிருக்கவில்லை. அழுத்தினேன், போனது. வெளியே இழுத்தபோது கம்பியில் களி மாதிரி மண் ஒட்டி வந்தது. தூளும் இல்லை, டம்ளரும் தேவைப்படவில்லை. சுவரில் கை வைத்தேன். ஜெனரேட்டரோடு சேர்ந்து அதுவும் அதிர்ந்தது.

உள்ளே ஓடிப்போய் செல்லமுத்துவிடம், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள் என்றேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதோடு சொன்னேன். அவர் சிரித்தார். நாளைக்கு ஷிப்மென்ட் என்று ஆரம்பித்தார். நான் கம்பியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், செவுரு கல்லாட்ட இருக்குதுன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க?"

அந்த நேரம் பார்த்து முன்வரிசை மெஷின்கள் நின்றன. நூல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லப்போவது எல்லோருக்கும் கேட்கும். பரவாயில்லை என்று தோன்றவில்லை. எப்படியாவது வேறு ஏதாவது சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறதா என்றுதான் அந்தக் கணத்திலும் தேடினேன். இல்லை.

"நான் பாக்காம எழுதினனுங்க. அது பச்சக்கல்லுங்க. நனஞ்சு போச்சு" என்றேன்.

தைத்துக்கொண்டே வரிசையையும் மேற்பார்வை பார்த்துவந்த பாக்கியம் என்ற பெண்தான் முதலில் அசைந்தது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். முதலாளியைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மெஷின்கள் அத்தனையும் அடங்கின, பின்னால் ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு வாருங்கள், யாரும் ஓடக்கூடாது, சுவரைத் தொடக்கூடாது, முன்வாசல் வழியாக ஒவ்வொருவராக வாருங்கள் என்று நிதானமாகச் சொன்னார். கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் அவர் வந்தார். மழைத் தூறலில் களத்து மேட்டில் நிறுத்தி, பேர் சொல்லி எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள்.

ஜெனரேட்டரை என்ன செய்வது என்பது அடுத்த பயம். மேடைக்குக் கீழே டீசல் பேரல் நின்றது. சுவர் ஓடுகிற இன்ஜின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும், உள்ளே பூராவும் துணி, பின்னால் பத்தடியில் குடியிருக்கும் லைன் வீடுகள். நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த மாதிரி இன்ஜின் ஓடும்போது உதறுவதைவிட நிற்கும்போது அதிகமாக உதறும். பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசி நாலு சுற்றில் மேடையே ஆடும். நிறுத்துகிறவன் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பழக்கத்தில் அந்தப் பக்கம் நடந்தார். தோளைப் பிடித்து நிறுத்தி, எந்தக் கைப்பிடி என்று மட்டும் கேட்டேன். வீரம் என்று மேடையில் சொன்னார்கள். நாலு அடி நடப்பதற்குள் எனக்கு இரண்டு முறை வேட்டி தடுக்கியது. வேறொருவர் போய் அதில் அகப்பட்டால் அப்புறம் எனக்கு இருப்பு கொள்ளாது என்ற ஒரே பயம்தான் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கைப்பிடியைத் தள்ளினேன். இன்ஜின் மூச்சு வாங்கியது, உதறியது. என் கண்ணெதிரே வெள்ளைச் சுண்ணாம்பில் மஞ்சள் குங்குமத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு கோடு மேலே ஓடியது. ஓடினேன். ஒரு செருப்பு உள்ளேயே போனது.

பெரிய சத்தம் வரவில்லை, தூசியும் எழவில்லை. நனைந்த சுவர் அப்படியே உட்கார்ந்தது. அதன் மேல் நின்ற பனைமரச் சட்டங்கள் சரிந்து, ஓடுகள் பின்வரிசை மெஷின்களின் மேல் கொட்டின. மெஷினுக்கு முன்னால் போட்டிருந்த ஸ்டூல்கள் ஓட்டுக்கடியில் போய்விட்டன. ஆசாரத்தில் அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்றவை மூலைகளும், நிலவும் அதன் இரு பக்கத்துக் கல்லும் மட்டும்தான். சாவியால் நான் தட்டிப் பார்த்த கல்.

பிறகு செல்லமுத்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். சாமி மாதிரி வந்தீர்கள் என்றார். பெண்கள் கும்பிட்டார்கள். போனில் சொல்லியிருந்தால் ஜெனரேட்டரைத்தான் முதலில் நிறுத்தியிருப்பார்கள், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே விழுந்திருக்கும், அதை யோசித்துத்தான் ஓவர்சியர் நேரில் வந்தார் என்று அதற்குள்ளேயே ஒருவர் கதை கட்டிவிட்டார். அந்தக் கதைதான் சால்வை வரைக்கும் வந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. பயந்து வாயை மூடிக்கொண்டு வந்தேன். அது சரியாக அமைந்தது என் புத்தியால் அல்ல. செல்லமுத்து, நான் எல்லோர் முன்னாலும் சொன்னதை, அதற்குப் பிறகு ஒரு நாளும் ஒருவரிடமும் எடுத்ததில்லை. அது அவருடைய மரியாதை. அந்த மரியாதையை நான் வாங்கிக்கொண்டேன்.

பாக்கியம் மட்டும் கும்பிடவில்லை. ஈர முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, விழுந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய மெஷினும் அதற்கடியில்தான் இருந்தது. எனக்குக் குடிக்க யாரோ டீ கொண்டுவந்தார்கள். அப்போது அவர் பக்கத்தில் வந்தார். குரலில் கோபம் இல்லை.

"ஸார், இந்த மாதிரி பாக்காம இன்னும் எத்தன வீட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கிய?"

அந்த வருடம் மட்டும் பதினான்கு என்று மனசுக்குள் எண்ணினேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் செல்லமுத்துவின் காரில் போய் உட்கார்ந்தேன். ஒற்றைச் செருப்பைக் கழற்றி வெளியே போட்டேன். அவர் ஓடிவந்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். மூலனூர் ரோட்டுக்கு விடுங்கள் என்றேன். இந்த முறை எதற்கு என்பதையும் சொன்னேன், போனை எடுத்து, ஆட்களை முதலில் வெளியே அனுப்பச் சொல்லுங்கள் என்றேன்.

கரண்ட் இன்னும் வரவில்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. முதல் ஊர் வருவதற்குள் நாலு இடத்தில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. அதில் இரண்டு நான் எழுதிக் கொடுத்தவை.